வெள்ளையடிப்பில் ஒளிந்திருந்த நீலம்: கொங்குக் கோயில் விதானம் ஒன்றின் நிறமி ஆய்வு

குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. மகாமண்டப விதானத்தில் விளக்குப் புகை அப்பிய ஓவியம் இருக்கிறது. திருப்பணிக் குழு கேட்பது மூன்று கேள்விகள்: கழுவலாமா, கழுவினால் நிறம் நிற்குமா, இது எந்தக் காலத்து வேலை? முதல் இரண்டுக்கும் ஊரில் பதில் தயாராகவே இருக்கும். "அதெல்லாம் மூலிகைச் சாயமுங்க. எத்தனை தண்ணி ஊத்துனாலும் போகாதுங்க." ஓவியத்தின் மேல் படிந்திருக்கும் கரியைவிட இந்த நம்பிக்கை ஆபத்தானது.

இங்கே விவரிக்கும் மண்டபம் ஒரே ஊரைச் சேர்ந்ததன்று. நொய்யல், பவானி, அமராவதிக் கரைக் கோயில்களில் எதிர்ப்படக்கூடிய நிலைமைகளை ஒரே விதானத்தின் கீழ் வைத்துக் காட்டும் மாதிரி நிகழ்வு இது. கருவிகள் தரும் எண்களும் வேதிவினைகளும் எந்த மண்டபத்துக்கும் பொருந்துவன.

கூரையின் கட்டுமானம்

கருங்கல் பலகை பாவிய கூரை. அதன் அடியில் மணலும் சுண்ணாம்பும் கலந்த கரட்டுக் காரை, அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெண்சுண்ணப் பூச்சு, அதன்மேல் நிறம். ஓவியம் வரிசை வரிசையாகக் கட்டம் பிரித்து, சிவப்புப் பின்னணியில், ஒவ்வொரு கட்டத்தின் கீழும் வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்தில் தமிழ் விளக்கத்தோடு வரையப்பட்டிருக்கிறது. நிறத்தின் மேல் புகைக்கரி. கரியின் மேல் ஆங்காங்கே பழைய வெள்ளையடிப்பின் திட்டுகள், எப்போதோ சுரண்டி எடுத்ததில் எஞ்சியவை. சில இடங்களில் இலை, கொடி எல்லாம் பின்னாளில் திருத்தி வரையப்பட்டுள்ளன. மூலைகளில் பளபளவென்று ஒரு பசைப் படலம். கூரைக்கு மேலே பழைய செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளத்தின் மேல் சிமென்ட் பூச்சு போட்டிருக்கிறார்கள். இந்தக் கடைசித் தகவல் நிறமிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், பிறகு வருவோம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரியவந்தது. சுவரில் முதலில் தெரிவது கடைசியாகப் பூசியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனாலும் கருவியைக் கையில் எடுத்தவுடன் இது மறந்துபோகும். கருவிக்கு அடுக்கு தெரியாது. அது எல்லா அடுக்கையும் சேர்த்துக் கலந்து ஒரே விடையாகச் சொல்லும். இந்த நிகழ்வில் நேர்ந்த குழப்பம் முழுதும் அதிலிருந்து வந்ததுதான்.

தொடாமல் பார்த்தது

முதலில் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். உப்பி நிற்கும் காரையும் செதில் விட்ட நிறமும் நிழலாகத் தெரியும். விரல் நுனியால் மெல்லத் தட்டினால் உப்பிய இடம் 'டொக்' என்று வெற்றொலி தரும். அந்த இடங்களைத் திட்டப்படத்தில் குறித்துக்கொண்டு, அங்கே எந்தக் கருவியையும் அழுத்தி வைக்கக் கூடாது.

அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. மூலைகளின் பசைப் படலம் நீலவெண்மையாக ஒளிர்ந்து தன் எல்லையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதன்பின் அகச்சிவப்புப் படம். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியை நீக்கிய சாதாரண டிஜிட்டல் கேமராவே போதும். அகச்சிவப்புப் படத்தையும் சாதாரணப் படத்தையும் நிறம் மாற்றி அடுக்கினால் அவுரிச் செடியின் நீலம் சிவப்பாகும், கனிம நீலமான அல்ட்ராமரினும் சிவப்பாகும், செயற்கை இரும்பு நீலமான பிரஷ்ய நீலமோ இருண்டே நிற்கும். இந்த விதானத்தின் நீலம் சிவந்தது. ஆகவே பிரஷ்ய நீலம் இல்லை. அவுரியா அல்ட்ராமரினா என்பதை இந்தப் படம் சொல்லாது.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி: நம்ப வேண்டியதும் கூடாததும்

எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் உமிழும் கதிரைத் தனித்தனி முகடாகக் காட்டுவது எக்ஸ்.ஆர்.எஃப். கையடக்கக் கருவியால் ஒரு புள்ளிக்கு 60 விநாடி, 40 கிலோவோல்ட். நிறம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 3 புள்ளிகள். அவற்றுக்கு முன், நிறமே இல்லாத வெறும் காரையில் 5 புள்ளிகள். இந்த வெறும் காரை அளவீட்டைச் செய்யாமல் எடுத்த எண்களுக்கு மதிப்பில்லை, கொங்கு நாட்டில் சுத்தமாக இல்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செம்மண் புழுதியை எல்லா இடுக்கிலும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆற்று மணலிலும் இரும்புத் தாதுவின் கருந்துகள்கள் இருக்கின்றன. எங்கே வைத்தாலும் இரும்பு வரும். பின்னணிச் சிவப்பு காவிதான் என்று சொல்ல, அங்கே வரும் இரும்பு வெறும் காரையில் வருவதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். இங்கே இருந்தது.

கருவி இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழைகள் சில. கால்சியம் மிகுந்த காரையில் இரண்டு கால்சியம் கதிர்கள் ஒரே நேரத்தில் உணரியில் விழுந்தால் 7.38 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு போலி முகடு எழும். மென்பொருள் அதை நிக்கல் என்று எழுதிவிடும். இரும்பின் இரண்டாம் முகடு 7.06இல், கோபால்ட்டின் முதல் முகடு 6.93இல், காவி கலந்த இடத்தில் இல்லாத கோபால்ட் முளைக்கும். டைட்டானியம் 4.51, பேரியம் 4.47, இரண்டையும் பிரித்துச் சொல்லாத அறிக்கையை வைத்து 'இருபதாம் நூற்றாண்டு வெள்ளை' என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது ஆர்சனிக்கும் ஈயமும். ஆர்சனிக்கின் முதன்மை முகடு 10.54, ஈயத்தினுடையது 10.55. கையடக்கக் கருவிக்கு இரண்டும் ஒன்றே. பச்சை இலையில் 'ஈயம்' என்று கருவி சொன்னால், 12.61இல் ஈயத்தின் அடுத்த முகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் 11.73இல் சிறு மேடு இருந்தால் அது ஆர்சனிக். இந்த விதானத்தில் மஞ்சளிலும் பச்சையிலும் கருவி சொன்ன 'ஈயம்' இப்படித்தான் அரிதாரமாக, அதாவது ஆர்சனிக் சல்பைடு மஞ்சளாக, மாறியது.

பச்சையை இன்னும் ஒரு படி பிரிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான பச்சையில் ஆர்சனிக் மட்டும், செம்பு இல்லை. அது அரிதார மஞ்சளோடு அவுரி கலந்த பச்சை. திருத்தி வரைந்த இலைகளிலோ செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தே வந்தன. அது மரகதப் பச்சை என்று விற்ற செம்பு அசிட்டோ-ஆர்சனைட்; 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் உற்பத்தியான சரக்கு. ஆகத் திருத்தல் வேலை அதற்குப் பின்னால்தான் நடந்திருக்க முடியும். இரும்பும் பொட்டாசியமும் தரும் பச்சை மண் இங்கே எங்கும் இல்லை. நகைகளின் சிவப்பில் 9.99இலும் 11.82இலும் பாதரசம் வந்தது: சாதிலிங்கம். பின்னணிக்கு மலிவான காவி, நகைக்கு விலை கூடிய சாதிலிங்கம், வரைந்தவர் கணக்கறிந்தவர்.

கட்டங்களின் கரையோரம் 'கறுப்பு' என்று எல்லோரும் எழுதும் ஒரு கோடு ஓடுகிறது. அதில் ஈயம், இம்முறை 12.61 முகட்டோடு. அது கறுப்பாக வரைந்த கோடே அல்ல. ஈயச் செந்தூரத்தால் ஆரஞ்சு நிறத்தில் போட்ட கரை, ஈய டைஆக்சைடாக மாறிக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருக்கிறது. இந்த இடத்தில், லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துச் சேர்மத்தை அடையாளம் காட்டும் ராமன் கருவியின் லேசரைக் கூடுதல் சக்தியில் வைத்தால், லேசர் சூட்டிலேயே அந்தக் கறுப்புப் பொருள் சிதைந்து வேறு ஈய ஆக்சைடாகிவிடும். கருவி தானே உண்டாக்கியதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும். மஞ்சள் காவிக்கும் இதே கதி, சூட்டில் செங்காவியாகும். மாதிரியின் மேல் விழும் சக்தி 1 மில்லிவாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, விநாடிகளைக் கூட்டிக்கொள்வதே வழி.

நீலம்

நீலத்தில் எக்ஸ்.ஆர்.எஃப் சொன்னது கால்சியம், இரும்பு, சுண்ணாம்போடு எப்போதும் வரும் ஸ்ட்ரான்சியம், அவ்வளவே. செம்பு இல்லை; செம்புக் கனிம நீலமான அசுரைட் போயிற்று. கோபால்ட் இல்லை, கோபால்ட் கண்ணாடித் தூளான ஸ்மால்ட் போயிற்று. மிஞ்சியவை அவுரியும் அல்ட்ராமரினும். அவுரி கரிமப் பொருள், எக்ஸ்-கதிருக்குத் தெரியாது. அல்ட்ராமரினில் உள்ள சோடியம், அலுமினியம், சிலிக்கான் எல்லாம் இலேசான தனிமங்கள். காற்றில் வைத்து அளக்கும் கருவிக்கு அவையும் சரியாகத் தெரியா.

532 நானோமீட்டர் லேசரோடு ராமன் கருவியை வைத்தபோது 548 செ.மீ.⁻¹ இல் ஓங்கிய முகடு. அது அல்ட்ராமரினின் கையெழுத்து. அதன் இரட்டிப்பு 1096இல் வரும். பக்கத்தில் 1086இல் சுண்ணாம்பின் முகடு இருப்பதால் இரண்டும் ஒட்டித் தோள் போலத் தெரியும். 548 தனியாக நிற்பதால் சந்தேகமில்லை.

இங்கேதான் கை பரபரக்கும். சித்தன்னவாசல் நீலம் லாபிஸ் லாசுலி என்று பதிவாகியிருப்பதால், தமிழ்நாட்டில் எங்கே பழைய நீலத்தைக் கண்டாலும் 'ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த கல்' என்று எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. செய்தித்தாளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அல்ட்ராமரின் இரண்டு வகை. ஒன்று லாபிஸ் கல்லை அரைத்தது. மற்றது 1828இல் பிரான்சில் கிமே என்பவர் செயற்கையாகச் செய்து காட்டியது. பிறகு அதுவே துணிக்குப் போடும் கட்டி நீலமாக வீட்டுக்கு வீடு வந்தது. அந்தக் கட்டி நீலத்தைத் துணிக்கு மட்டுமா போட்டோம்? பொங்கலுக்குச் சுண்ணாம்பு கரைக்கும்போது வெள்ளை பளிச்சென்று தெரிய ஒரு துண்டு நீலத்தைத் தட்டிப் போடுவதும் வழக்கம்தானே.

மாதிரி எடுத்தபோது விடை கிடைத்தது. 15ஆம் எண் அறுவைக் கத்தியால், ஏற்கெனவே உதிர்ந்த ஓட்டையின் விளிம்பிலிருந்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு செதில். முழு ஓவியப் பரப்பில் புதிதாகக் கீறி எடுப்பது குற்றம். எடுத்த இடத்தை அளவுகோலோடு படம் பிடித்து எண் கொடுத்த பிறகுதான் செதிலைக் குப்பியில் போட வேண்டும்; முன்பின் மாறினால் எந்த நீலம் எந்தக் கட்டத்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. செதிலைப் பாலியெஸ்டர் பிசினில் பதித்து, 400, 800, 1200 என்று உப்புத்தாள் ஏற்றித் தேய்த்து, கடைசியில் 4000க்கு மேல் மெருகிட வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் கூடாது: பிசின் கட்டிய நிறமும் உப்பும் கரைந்து அடுக்கே காணாமல் போகும். மண்ணெண்ணெய் வகை வெள்ளை ஸ்பிரிட் போதும்.

நுண்ணோக்கியில் 200 மடங்கில் பார்த்தால் ஐந்து அடுக்குகள். கீழே காரை. அதன்மேல் வெண்சுண்ணம். அதன்மேல் கருநீலமாக, துகளே பிரித்துப் பார்க்க முடியாத மெல்லிய படலம். அதன்மேல் கரி. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைச் சுண்ணத்துக்குள் ஒரே அளவாக, உருண்டையாக, பளீரென்ற நீலத் துகள்கள். ராமன் சொன்ன அல்ட்ராமரின் இந்த மேல் அடுக்குக்குரியது. அது ஓவியன் தீட்டிய நீலமல்ல, வெள்ளையடித்தவர் கலந்த நீலம். லாபிஸ் கல்லை அரைத்திருந்தால் துகள்கள் கூரான முனைகளோடு, பெரிதும் சிறிதுமாக, நடுவே பொன்னிறப் பைரைட்டும் கால்சைட்டும் கலந்து கிடக்கும். அகச்சிவப்பு நிறமாலையிலும் லாபிஸ் கல்லுக்கே உரிய, உள்ளே சிறைபட்ட கார்பன் டைஆக்சைடின் முகடு 2340 அருகே வரும். ஆனால் ஆய்வறைக் காற்றின் கார்பன் டைஆக்சைடும் அங்கேயே வருவதால், கருவிக்குள் நைட்ரஜன் செலுத்திவிட்டுத்தான் அதை நம்பலாம்.

கீழ்ப்படலத்தின் மேல் 785 நானோமீட்டர் லேசரை வைத்ததும் 1572இல் முகடு: அவுரி. 532 லேசருக்கு அல்ட்ராமரின் தன் வலிமையைவிடப் பல மடங்கு உரக்கப் பேசும். அவுரியின் குரல் 785இல்தான் எடுபடும். ஒரே லேசரை நம்பியதுதான் முதல் பிழை.

ராமன் இல்லாதவர்களுக்கு

இந்த வேலைக்கு ராமன் இல்லாவிட்டாலும் முடங்கிப்போக வேண்டியதில்லை. அவுரியைக் கண்டுபிடிக்கத் திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைகளில் இருக்கும் இரண்டு சரக்குகளே போதும். கண்ணாடித் தகட்டில், நுண்ணோக்கியின் கீழ், கீழ்ப்படலத்தின் ஒரு பொடித்துகள். முதலில் 1 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு சொட்டு. பழுப்பானால் பிரஷ்ய நீலம். காற்றில் காட்டினாலும் அந்த நீலம் திரும்பாது. மாறாமல் நின்றால் ஒரு சிட்டிகை ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வைக்க வேண்டும். அவுரியானால் நீலம் மறைந்து மஞ்சள் கலந்த பச்சையாகும். வடிதாளில் ஒற்றிக் காற்றில் காட்டினால் மறுபடி நீலம் ஏறும். வாட் சாயம் போடும் எந்தத் தொழிலாளிக்கும் இது தினமும் பார்க்கும் காட்சி. அல்ட்ராமரின் காஸ்டிக்குக்கும் ஹைட்ரோஸுக்கும் அசையாது. அதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்: நிறம் போய், அழுகிய முட்டை நாற்றம் வரும், ஈய அசிடேட் தாள் கறுக்கும். சுண்ணாம்பு கலந்த துகளில் முதல் சில சொட்டு அமிலத்தைச் சுண்ணாம்பே குடித்துவிடும். நுரைப்பு நின்ற பிறகு விடும் சொட்டுதான் பேசும். இது தெரியாமல் 'அமிலத்துக்கும் மாறவில்லை' என்று எழுதுவது வழக்கமான பிழை. ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் கெட்டுப்போகும். திறந்து பல மாதமான டப்பாவை எடுத்தால் அவுரியும் அசையாது. தெரிந்த அவுரித் துகளில் முதலில் சோதித்துவிட வேண்டும்.

கழுவலாமா?

அரிதாரம் ஒரு சாட்சி. அது காரத்தில் கரையும். ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டியிருந்தால் இத்தனை காலம் மஞ்சளாக நின்றிருக்காது. ஆகவே இந்த ஓவியம் காய்ந்த சுண்ணப் பூச்சின் மேல் ஏதோ ஒரு பசையால் ஒட்டியது. காரைக்குள் ஊறிக் கல்லாகிப்போன நிறமன்று. என்ன பசை? வெட்டுமுகத்தில் அமிடோ பிளாக் சாயம் விட்டால் புரதம் இருக்கும் அடுக்கு நீலமாகும். இங்கே நிறப் படலம் ஏற்கவில்லை. வஜ்ஜிரம் என்னும் தோல் பசையோ முட்டையோ இல்லை, விளா மாதிரியான மரப்பிசின் என்று கொள்ள இடமிருக்கிறது. எந்த மரத்துப் பிசின் என்பதற்குச் சர்க்கரைகளைப் பிரித்துப் பார்க்கும் வாயு நிறச்சாரல் ஆய்வு வேண்டும். கழுவலாமா என்பதற்கு அது தேவையில்லை. அகச்சிவப்பு நிறமாலையில் 1735 அருகே வந்த முகடு பழைய பசையல்ல. மூலையில் பூசிய தச்சர் வெள்ளைப் பசை. புற ஊதாவில் ஒளிர்ந்த படலமும் அதுவே. அந்தப் பகுதிகளிலிருந்து எடுத்த மாதிரியை வைத்துப் பழைய பசையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது.

கடைசியாக எளிய சோதனை. ஈரப் பஞ்சுக் குச்சியை 5 விநாடி ஒற்றி எடுத்தால் காவிப் பின்னணி கொஞ்சம்தான் வந்தது. நீலமும் பச்சையும் குச்சியிலேயே வந்துவிட்டன. ஆக வெறும் தண்ணீரும் கூடாது. சலவைச் சோடா அரிதாரத்தையே கரைக்கும். புளித்தண்ணீர் சுண்ணப் பூச்சைத் தின்னும். அரப்பு, சீயக்காய் எல்லாம் செப்புத் திருமேனிக்கும் தலைக்கும் சரி, விதானத்துக்கு ஆகாது. கழுவிய தண்ணீரில் ஆர்சனிக்கும் பாதரசமும் ஈயமும் வரும் என்பதையும் குழுவிடம் சொல்லிவிட வேண்டும். சில சமயம் ஓவியத்தைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். கரியை எடுக்க ஆட்டுமயிர்த் தூரிகையும் கெட்டிப்படுத்திய ரப்பர் பஞ்சும், நிறம் திடமாக ஒட்டியிருக்கும் பகுதிகளில் மட்டும். வேலை செய்பவர் முகமூடி இல்லாமல் ஏறக் கூடாது.

காலம் பற்றி

வெள்ளையடிப்பு 1828க்குப் பின். இலைத் திருத்தல் 1814க்குப் பின். அடியில் உள்ள ஓவியம் இரண்டுக்கும் முந்தியது. அவுரி, அரிதாரம், காவி, சாதிலிங்கம் ஆகியவற்றுக்குத் தொடக்க ஆண்டு கிடையாது. அவற்றை வைத்து நூற்றாண்டு சொல்பவர் ஊகிக்கிறார். புதிய நிறமி இல்லாதது பழமைக்குச் சான்றாகாது, பழைய நிறமியை விடாமல் கையாண்ட ஓவியனும் இருந்திருப்பான். நாயக்கர் காலமா மைசூர் ஆட்சிக் காலமா என்பதை, கட்டங்களின் கீழுள்ள எழுத்தின் வடிவத்தைக் கல்வெட்டு எழுத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த எழுத்துப் பட்டைகளைத்தான் முதலில் துடைக்கப் பார்ப்பார்கள்.

கூரை

நீல வரிசையின் ஓரமாக வெள்ளைப் பூஞ்சை போல ஒன்று பூத்திருந்தது. பூஞ்சை அல்ல, உப்பு. காகிதக்கூழ் ஒத்தடம் வைத்து எடுத்த நீரில் சல்பேட் தாள் நிறம் மாறியது. நைட்ரேட் வௌவால் தொங்கும் மூலையில் மட்டும். சல்பேட் மேலிருந்து வருகிறது. சிமென்டில் இருக்கும் சோடியம், பொட்டாசியம் சல்பேட்டுகள் மழைநீரோடு சுருக்கியையும் கல் இடுக்கையும் கடந்து காரைக்கு இறங்குகின்றன. சோடியம் சல்பேட் 32.4 டிகிரிக்குக் கீழே ஈரம் கிடைத்தால் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு மும்மடங்குக்கும் மேல் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். கோவைப் பக்கம் ஒரே நாளில் வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறி வரும் மாதங்களில் இது நிறப் படலத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். கீழே எவ்வளவு பிசின் விட்டு ஒட்டினாலும் மேலே தண்ணீர் இறங்கும்வரை பயனில்லை. உப்புக்கு மேல் ஒட்டிய படலம் காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும்.

ஆகவே வேலை வரிசை திருப்பணிக் குழு நினைத்ததற்கு நேர்மாறு. ஐப்பசி மழைக்கு முன் சிமென்டை எடுத்துவிட்டுக் கடுக்காய், கருப்பட்டி நீர் சேர்த்த சுண்ணாம்புச் சுருக்கித் தளம். வாட்டம் சரிபார்த்து, தூம்புகளை அடைப்பெடுக்க வேண்டும். அந்த மழை முடிந்து, தை, மாசியில் காரை காய்ந்த பிறகு, முன்பு குறித்த அதே புள்ளிகளில் ஒத்தடம் வைத்துச் சல்பேட் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால்தான் செதில்களை ஒட்டும் வேலையைத் தொடங்கலாம். குடமுழுக்கு நாளை மாற்ற முடியாதென்றால் விதானத்தின் அடியில், அதைத் தொடாமல், துணிப் பந்தல் கட்டிக்கொள்ளலாம்; யாகசாலைப் புகை மட்டும் மண்டபத்துக்கு வெளியே இருக்கட்டும்.